நஞ்சுக்கொடி தரும் எச்சரிப்பு



பிள்ளை பிறந்தவுடன் வீட்டார் அனைவருடைய கண்களும் பிள்ளையின் முகத்தையே நோக்குகின்றன. எடை எவ்வளவு, யாருடைய ஜாடை என்றெல்லாம் கேட்கிறோம். சில நிமிடங்களுக்குப் பின் வெளிவரும் நஞ்சுக்கொடியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. முற்காலத்தில் அதை மண்ணில் புதைத்தார்கள். இன்று மருத்துவமனையில் கழிவோடு சேர்த்து அகற்றிவிடுகிறார்கள். ஆனால் இத்தனை மாதங்களும் பிள்ளைக்கு நுரையீரலாகவும் குடலாகவும் சிறுநீரகமாகவும் உழைத்தது, ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள அந்தச் சதைத் தட்டுதான்.

அதில் இரத்தக் குழாய்கள் செவ்வையாய் வளர்ந்தால் தாயும் பிள்ளையும் சுகமாயிருப்பார்கள். செவ்வையாய் வளராவிட்டால், வெளியே ஓர் அடையாளமும் தெரியாமலேயே இருவருடைய ஜீவனும் ஆபத்துக்குள்ளாகிறது. கர்ப்பகாலத்தில் ஏறும் இரத்த அழுத்தம், "சிறுநீரில் உப்பு", "பிரசவ ஜன்னி" என்று நாம் வெவ்வேறு பெயர்களில் கேள்விப்படுகிறவை பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. மருத்துவர்கள் இந்த நோயை பிரீ-எக்லாம்ப்சியா என்றும், அது முற்றி வலிப்பு உண்டாகும்போது எக்லாம்ப்சியா என்றும் அழைக்கிறார்கள். நூறு கர்ப்பவதிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இது வருகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் 40,000க்கும் மேற்பட்ட தாய்மார் இதனால் மரிக்கிறார்கள்.

பிழைப்பின் நிமித்தம் ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது மிக அவசியம். ஏனெனில் இந்த நோய் தொடங்குவது ஓர் ஊரில். வெளிப்படுவதோ பலமுறை வேறோர் ஊரில். யாக்கோபின் பிரியமான மனைவி ராகேல் எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் பிரசவித்து மரித்ததை நாம் வேதத்தில் வாசித்திருக்கிறோம். அவளுக்கு நேர்ந்த உபாதை இன்னதென்று நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் நிறைமாதத்தில் வழிப்பயணம் செய்கிற ஒரு தாயின் ஆபத்து எவ்வளவு பழமையானது என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

தேங்காய்க்குள் இருக்கும் பூ

அந்தமானில் வாழும் நம் வாசகர்கள் சிப்பிகாட்டை நன்கு அறிவார்கள். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் அது. கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் தென்னையும் வளரும் அரசு பண்ணையினால் பெயர் பெற்றது. 2004 டிசம்பர் 26 அன்று நேரிட்ட நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தபோது, அங்குள்ள வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து நின்றதையும் அநேகர் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்தப் பண்ணையிலும் நம் கொல்லைகளிலும் தேங்காய் முளைப்பதைக் கவனித்திருப்பீர்கள். முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே வெண்மையான, பஞ்சு போன்ற பூ இருக்கிறது. சிறுவர்கள் அதை ஆசையோடு தின்பார்கள். அந்தப் பூ தின்பதற்காக உண்டானதன்று. தென்னங்கன்றுக்கு வேர் ஊன்றும்வரை, தேங்காயின் நீரையும் பருப்பையும் உறிஞ்சி முளைக்கு ஊட்டுவதே அதன் வேலை. பூ சரியாக வளராவிட்டால், ஓட்டுக்குள் எவ்வளவு பருப்பு இருந்தாலும் முளைக்கு அது போய்ச் சேராது.

நஞ்சுக்கொடியும் அப்படிப்பட்டதே. தாய் நன்றாய்ப் புசித்தால் மட்டும் போதாது. புசித்தது பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கென்று நஞ்சுக்கொடிக்குள் மரக்கிளைகளைப் போல எண்ணற்ற சிறு விழுதுகள் உண்டாகின்றன. ஒவ்வொரு விழுதுக்குள்ளும் மயிரிழையிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள் கிளைக்கின்றன. கருவுற்ற மூன்றாவது வாரத்திலேயே இவை தோன்றத் தொடங்கிவிடுகின்றன. நிறைமாதத்தில் இவை அனைத்தையும் நீட்டி முடிந்தால் சில நூறு கிலோமீட்டர் நீளம் வரும். தாயின் இரத்தம் இந்த விழுதுகளைச் சுற்றிக் குளம்போல் நிற்கிறது; பிள்ளையின் இரத்தம் விழுதுகளுக்குள் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. மெல்லிய திரையின் வழியாய்ப் பிராணவாயுவும் சத்துக்களும் பிள்ளைக்குச் செல்கின்றன. கழிவுகள் தாயிடம் திரும்புகின்றன.

வாய்க்காலின் வாய் அகலவேண்டும்

விழுதுகள் வளர்ந்தால் மட்டும் போதாது. தாயின் பக்கத்திலிருந்து இரத்தம் தாராளமாய் வரவேண்டும். கர்ப்பப்பையின் சுவரில் சுருள் சுருளான சிறு தமனிகள் உள்ளன. சாதாரண நாட்களில் இவை குறுகியவை. கர்ப்பந்தரித்தபின் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் இந்தத் தமனிகளுக்குள் நுழைந்து, அவற்றின் சுவரிலுள்ள தசையை அகற்றி, வாயைப் பல மடங்கு அகலமாக்குகின்றன. ஒடுங்கிய வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவதற்கு இது ஒப்பானது. முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் இந்தத் தமனிகளின் வாய் அடைபட்டே இருக்கும். பின்னரே திறந்து இரத்தம் பாயத் தொடங்கும். ஏறக்குறைய இருபதாம் வாரத்திற்குள் இந்த வேலை முடியவேண்டும். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் இவ்வழியாய் வருகிறது.

சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. தமனிகள் ஒடுங்கினபடியே இருக்கின்றன. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் என்ன நேரிடுகிறது? தண்ணீர் பீறிட்டு அடித்து நாற்றைப் பெயர்த்துவிடும். ஆனால் பாத்தி நிறையாது. அவ்விதமே இரத்தம் வேகமாய்ப் பீறிட்டு விழுதுகளைச் சேதப்படுத்துகிறது. பிள்ளைக்கு வேண்டிய அளவோ கிடைப்பதில்லை. இதன் பலனாகப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குன்றலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், நஞ்சுக்கொடி நேரத்துக்கு முன்னே பிரிந்து இரத்தப்போக்கு உண்டாகலாம், பிள்ளை வயிற்றிலேயே மரிக்கவும் கூடும்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. தவறு நேரிடுவது நாலாம், ஐந்தாம் மாதத்துக்கு முன். அடையாளம் தெரிவதோ ஏழாம், எட்டாம் மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் தாய்க்கு ஒரு வலியும் இல்லை. முகம் பொலிவாகவே இருக்கிறது. ஆகையால்தான், "எனக்கு ஒன்றுமில்லை, எதற்காகப் பரிசோதனை?" என்ற எண்ணம் ஆபத்தாய் முடிகிறது.

தாயின் உடல் ஏன் பாதிக்கப்படுகிறது?

நஞ்சுக்கொடியில் உண்டான குறை தாயின் தலையையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குவது எப்படி? மருத்துவ உலகம் நெடுங்காலம் இதற்கு விடை தெரியாமல் இருந்தது. அந்த விடையில் ஒரு முக்கியமான பகுதியைக் கண்டுபிடித்தவர்களை வழிநடத்தியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர் சிறுநீரக மருத்துவர் எஸ். அனந்த் கருமஞ்சி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் அவரும் அவரோடு உழைத்தவர்களும் இந்த நோய் கண்ட தாய்மாரின் நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒரு புரதம் அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதைக் கண்டார்கள். அதன் பெயர் எஸ்-ஃப்ளிட்-1.

இரத்தக் குழாய்கள் வளரவும் நலமாயிருக்கவும் நம் உடலில் சில வளர்ச்சிப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நஞ்சுக்கொடியிலேயே மிகுதியாய்ச் சுரப்பது; பி.எல்.ஜி.எஃப். என்று சுருக்கமாய்ச் சொல்வார்கள். இரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி, எஸ்-ஃப்ளிட்-1ஐத் தாயின் இரத்தத்தில் அதிகமாய்க் கலக்கிறது. அது அந்த நல்ல புரதங்களைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. அவை இல்லாமற்போகவே தாயின் உடல் முழுவதிலும் இரத்தக் குழாய்களின் உட்சுவர் நலிகிறது. குழாய்கள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுபட்டுப் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. இந்தப் புரதத்தைக் கர்ப்பமான எலிகளுக்குச் செலுத்தினபோது அவற்றுக்கும் இரத்த அழுத்தம் ஏறிற்று. சிறுநீரில் புரதம் வந்தது. இந்த ஆய்வு 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. நோய் வெளிப்படுவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன்னரே இரத்தத்தில் எஸ்-ஃப்ளிட்-1 கூடத் தொடங்குகிறது என்பதை அடுத்த ஆண்டே வேறோர் ஆய்வு காட்டிற்று.

அதன் பலனாக, இவ்விரு புரதங்களின் விகிதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் 2023ஆம் ஆண்டு அனுமதி அளித்தது. நம் நாட்டிலும் பெருநகரங்களின் சில ஆய்வகங்களில் இத்தகைய பரிசோதனை செய்யப்படுகிறது. ஆனால் இது கிடைக்கவில்லையே என்று கலங்கவேண்டியதில்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உள்ள இரத்த அழுத்தக் கருவியும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஒழுங்காகச் செய்யப்பட்டால் அநேக ஜீவன்களைக் காப்பாற்றும்.

"உப்பு" என்பது சமையல் உப்பன்று

நம் மக்களிடையே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. செவிலியர், "சிறுநீரில் உப்பு இருக்கிறது" என்று சொல்லுகிறார். உடனே மாமியாரும் தாயாரும் உப்பில்லாத கஞ்சியைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். சிறுநீரில் காணப்படுவது சமையல் உப்பன்று. அது ஆல்புமின் என்னும் புரதம். உணவில் உப்பை முற்றிலும் நிறுத்துவதால் இந்த நோய் வராமல் தடுக்கப்படுவதுமில்லை, குணமாவதுமில்லை. பார்லித் தண்ணீரும் அப்படியே. விருப்பமானால் குடிக்கலாம், ஆனால் அது மருந்தாகாது. அதைக் குடித்துவிட்டு இரண்டு வாரம் காத்திருப்பதுதான் கேடு.

மாலையில் கால் சற்று வீங்குவது கர்ப்பவதிகள் அநேகருக்கு இயல்பானதே. ஆனால் முகமும் கைகளும் திடீரென்று வீங்குமானால் அதை இயல்பென்று தள்ளிவிடக்கூடாது.

யாருக்கு அதிக கவனம் வேண்டும்?

முதல் பிள்ளையைச் சுமப்பவர்கள், முந்தைய கர்ப்பத்தில் இந்த நோய் கண்டவர்கள், தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இது வந்திருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முன்னரே இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளைகளைச் சுமப்பவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், வயது முதிர்ந்து கருவுற்றவர்கள், முந்தைய பிரசவத்துக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின் கர்ப்பந்தரித்தவர்கள். இவர்கள் முதல் பரிசோதனையிலேயே இவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். கணவர் குடும்பத்தாருக்குத் தெரிந்துவிடுமே என்று முந்தைய கர்ப்பத்தின் சிக்கலை மறைப்பவர்கள் உண்டு. அந்த மறைவு உயிருக்கே உலையாகலாம்.

மருத்துவரிடம் சீக்கிரமாய்ச் சொல்வதால் என்ன பயன்? ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையைப் பதினாறாம் வாரத்துக்கு முன் தொடங்கினால் நோயைப் பெருமளவு தடுக்கலாம். 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 37ஆம் வாரத்துக்கு முன்னரே பிரசவத்தில் முடியும் பிரீ-எக்லாம்ப்சியா, ஆஸ்பிரின் பெறாதவர்களில் 4.3 சதவீதமாகவும் பெற்றவர்களில் 1.6 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் இது மருத்துவர் எழுதித் தந்தாலொழிய ஒருவரும் தாமாக விழுங்கக்கூடிய மாத்திரையன்று. ஆறாம் மாதத்தில் முதன்முறையாகப் பரிசோதனைக்கு வருகிறவருக்கு இந்த நன்மை பெரும்பாலும் கைநழுவிப் போய்விடுகிறது.

அரசு மருத்துவமனைகளில் நாலாம் மாதத்திலிருந்து கொடுக்கப்படும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இதற்குத் துணைசெய்கிறது. நம் உணவில் பாலும் மீனும் கேழ்வரகும் குறைவாயிருப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும். மாத்திரைகளை வாங்கி அலமாரியில் வைத்துவிடாதிருங்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து ஒரே வேளையில் விழுங்காமல், வெவ்வேறு வேளையில் உட்கொள்ளுங்கள்.

இடம் பெயரும் கர்ப்பவதி

நம் வழக்கப்படி ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறோம். மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ரயிலில் வருகிறார்கள். அந்தமானிலிருந்து வருகிறவர்கள் கப்பலேறினால் சென்னை வந்துசேர ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகின்றன. நடுக்கடலில் வலிப்பு கண்டால் யார் என்ன செய்யக்கூடும்? சரியாக இந்த ஏழாம், எட்டாம் மாதத்தில்தான் நோய் வெளிப்படத் தொடங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாட்களில் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து, மருத்துவர் சம்மதித்த பின்னரே பயணச்சீட்டு எடுங்கள். அழுத்தம் ஏறியிருந்தால் பயணத்தை விட்டுவிடுங்கள். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. சிப்பிகாட்டிலிருந்து சாலை வழியாகவே அங்கே போய்விடலாம். பெண் அங்கேயே பிரசவிக்கட்டும். தாயார் கப்பலேறிப் பெண்ணிடம் வரட்டும். வழக்கத்தைக் காட்டிலும் ஜீவன் பெரிது.

பயணம் செய்வதானால், தாய் சேய் நல அட்டையும் ஸ்கேன் அறிக்கைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும்; பெட்டியின் அடியில் வைக்காதிருங்கள். இரத்த அழுத்தம் மாதந்தோறும் எவ்வளவு இருந்தது என்பதை அறிந்தால்தான், இப்போது ஏறியிருக்கிறதா என்று புதிய மருத்துவர் தீர்மானிக்க முடியும். தமிழ்நாட்டுக்கு வந்தவுடன் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பவதிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016ஆம் ஆண்டிலிருந்து நாடெங்கும் உள்ளது. எந்த ஊரில் இருந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

ஐந்தாம் மாதத்துக்குப் பின் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

1. விடாத கடுமையான தலைவலி.
2. கண் மங்குதல், கண்முன் பொறி பறத்தல், பொருள்கள் இரண்டாய்த் தெரிதல்.
3. மேல்வயிற்றில், விலா எலும்புக்குக் கீழே வலி, அதோடு வாந்தி. இதை வாயு என்று எண்ணிச் சுக்குக் கஷாயத்தோடு விட்டுவிடாதிருங்கள்.
4. முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம்.
5. மூச்சுத்திணறல், சிறுநீர் குறைந்துபோதல்.
6. இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல்.
7. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல். 160/110ஐ எட்டினால் அது அவசர நிலை.

வலிப்பு வந்துவிட்டால் தாயை இடப்பக்கமாய்ச் சரித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதினால் பயனில்லை. வாயில் கரண்டியோ தண்ணீரோ கொடுக்கவேண்டாம். உடனே வாகனத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவமனையில் மெக்னீசியம் சல்பேட் என்னும் ஊசி மருந்து உண்டு. விலை குறைந்த பழைய மருந்துதான். 33 நாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் செய்யப்பட்டு 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அது வலிப்பு உண்டாகும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது தெரியவந்தது. ஆனால் ஊசி போடப்படவேண்டுமானால் தாய் உரிய நேரத்தில் அங்கே இருக்கவேண்டும்.

நோய் முற்றினால், நாள் நிறையுமுன்னே பிரசவம் செய்விக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். "பணத்துக்காக அறுக்கப் பார்க்கிறார்கள்" என்று உடனே சந்தேகியாதிருங்கள். காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறபடியால், அது வெளியேறினாலொழிய நோய் முற்றிலும் நீங்குவதில்லை. பிரசவமானவுடனே ஆபத்து தீர்ந்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். பிரசவத்துக்குப் பின்னும் சில நாட்கள் வலிப்பு வரக்கூடும். ஆறு வாரம்வரை இரத்த அழுத்தத்தைக் கவனிக்கவேண்டும். இந்த நோய் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டாருக்கும் சபையாருக்கும்

பிள்ளை எடை குறைந்து பிறந்தாலோ, வயிற்றிலேயே மரித்தாலோ, சிலர் அந்தத் தாயைப் பார்த்து, "நீ சரியாகச் சாப்பிடவில்லை", "அதிகமாய் அலைந்தாய்", "உன்னில் என்ன குறையோ" என்று பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தமனியின் வாய் அகலாமற்போனதற்கு அவள் என்ன செய்வாள்? ஏற்கெனவே நொறுங்கியிருக்கிறவளை வார்த்தையினால் மேலும் நொறுக்காதிருங்கள். அவளுக்கு வேண்டியது ஆறுதலும், அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலிருந்தே கவனிப்பும்.

ஜெபிப்பதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சுவிசேஷத்தை எழுதிய லூக்கா ஒரு வைத்தியன் என்பதை நாம் அறிவோம். கர்ப்பவதிக்காகக் கூடி ஜெபிக்கிற வீட்டில், அவளுடைய அட்டையை எடுத்துப் பார்க்க ஒருவர் இருக்கட்டும். உபவாச நாளிலும் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாகாது. இந்த நோயுள்ளவர் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. தாயும் மாமியாரும் அருகில் இல்லாத நகரத்தில் கூடுகையின் மூத்த சகோதரிகளே அந்தப் பெண்ணுக்குத் தாய்மார். புதிதாய் வந்த பெண் கர்ப்பமாயிருந்தால், "எத்தனை மாதம்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்த மருத்துவமனையில் பதிவு செய்திருக்கிறாய்? போன முறை அழுத்தம் எவ்வளவு இருந்தது?" என்றும் கேளுங்கள். தேவையானால் உடன் செல்லுங்கள்.

கணவன்மாரே, வேலைக்கு ஒருநாள் விடுப்பு எடுப்பதினால் கூலி குறையலாம். ஆனாலும் மூன்று மாதம் நிறையுமுன் முதல் பரிசோதனைக்கு உங்கள் மனைவியோடு நீங்களே போங்கள். அட்டையில் எழுதப்படும் இரண்டு எண்களையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அவள் தலைவலி என்று சொன்னால், "தைலம் தேய்த்துத் தூங்கு, காலையில் பார்க்கலாம்" என்று சொல்லாமல் எழுந்து வாகனத்தை அழையுங்கள்.